வாங்கில் இருந்த பிள்ளை

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் இருபத்தாறு ஆண்டுகள் படிப்பித்து இளைப்பாறிய பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியிருந்தனர். கடல் கடந்து வாழும் பழைய மாணவிகள் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்களாம். நம் வலைப்பந்தாட்ட அணியை மாகாணத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். அதற்கு வழியும் கண்டிருக்கிறார்கள். வேறு பாடசாலைகளிற் பெயரெடுத்த வீராங்கனைகள் நால்வரை உயர்தர வகுப்பிற் சேர்த்து, தங்குமிடமும் உணவும் சப்பாத்தும் கொடுத்து ஆடச் செய்வது. அணிக்கு முன்பு பொறுப்பாக இருந்த ஆசிரியை என்ற முறையில் என் சம்மதத்தையும் கேட்டிருந்தார்கள்.

பண்டத்தரிப்பிலிருந்து மாதகலுக்குப் போகும் தெருவிலே, வேப்பமர நிழலில் உள்ள என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பதில் எழுதத் தொடங்கினேன். 'சம்மதம்' என்று ஒரு சொல் எழுதினாற் போதும், அவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அந்தச் சொல்லை 2013ஆம் ஆண்டில் ஒருமுறை எழுதியவள் நான். அதன் விலையை நான் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை கொடுத்தாள். ஆகவே இம்முறை பேனா ஓட மறுத்தது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கு எழுதுகிறேன். ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள வாசகர்கள் படித்துச் சரி பிழை சொல்லட்டும். பாடசாலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தவறு என்னுடையது, அதைக் கட்டடத்தின் மீது ஏற்றி வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு பீச்சுப் பழக் கூடைகளை மேல்மாடக் கைப்பிடியிலே மாட்டி ஓர் ஆட்டத்தைத் தோற்றுவித்தார். அதுவே கூடைப்பந்தாட்டம். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களின் ஆட்டமாக உருமாறியபோது வலைப்பந்தாட்டம் ஆயிற்று. ஓர் அணிக்கு எழுவர். பத்தடி உயரக் கம்பத்தில் ஒரு வளையம். கூடைப்பந்தாட்டத்திற் போலப் பந்தைத் தட்டி விழுத்தப் பின்னாற் பலகை கிடையாது. பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று வினாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு திறமைசாலியாயினும் ஒருத்தி தனியே பந்தைக் கொண்டுபோய் வெற்றி பெற முடியாதபடி சட்டமே அமைந்திருக்கிறது. கூட்டுழைப்பைப் பற்றி நான் வகுப்பறையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்களிலும் பார்க்க இந்த மூன்று வினாடிச் சட்டம் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கற்பித்தது.

ஆயினும் வளையத்தை நோக்கிப் பந்தை எறியும் உரிமை எழுவரில் இருவருக்கே உண்டு. அந்த இருவரில் ஒருத்தியாக எங்கள் அணியில் நான்கு ஆண்டுகள் நின்றவளைப் பற்றியதே என் கதை.

அவள் எட்டாம் வகுப்பிற் படிக்கும்போது என்னிடம் வந்தாள். தகப்பன் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குத் தண்ணீர் மாறுபவர். உடைந்த வாளியொன்றின் வாய்வளையத்தைக் கழற்றி, வீட்டு வேலியோரத்துப் பூவரச மரத்திற் பத்தடி உயரத்தில் அடித்துக் கொடுத்திருந்தார். அது சட்டப்படியான வளையத்திலும் சற்றுச் சிறிது. அதிலே பழகிய கைக்குப் பாடசாலை வளையம் கிணற்று வாய் போல அகலமாகத் தெரிந்ததாம். அவளே சொல்லிச் சிரித்தாள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலந்தான். ஆனால் எதிரணிப் பிள்ளை கையை உயர்த்துமுன்னே பந்து இவள் கையைவிட்டுப் போயிருக்கும். அவளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் வளர்ந்தது. மாலை நேரங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைப் பார்த்தே எறியப் பழகினர். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். அவள் சொல்லிக் கொடுத்ததே அதிகம்.

2012இல் வலிகாமம் வலயப் போட்டியில் அரையிறுதி வரை போய்த் தோற்றோம். எதிரணியில் உயரமான பிள்ளைகள் இருந்தனர். தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அணியில் ஐவர் அடுத்த ஆண்டும் ஆடக்கூடியவர்கள். ஆனால் கூட்டத்திற் பேசியவர்களுக்கு அடுத்த ஆண்டென்பது நெடுந்தூரமாக இருந்தது. "உயரமான ரெண்டு பிள்ளையள் கிடைச்சால் கோப்பை எங்கட கையில, ரீச்சர்," என்றார் ஒருவர். வன்னியிலே ஒரு சிறு பாடசாலையில் அப்படி இருவர் இருக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. பணம் இருந்தது, விடுதியில் இடம் இருந்தது. எதிர்த்து நிற்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கோப்பையில் ஆசை இருந்தது. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு வலிகாமமே வெறுமையாகிப் போனதைக் கண்ட என் போன்றோருக்கு, எதிலாவது ஒரு வெற்றி வேண்டுமாய் இருந்தது. நான் கையெழுத்திட்டேன்.

இருவரும் வந்தனர். நல்ல பிள்ளைகள், ஆறடியை எட்டும் உயரம், ஆட்டமும் நேர்த்தி. எறியும் இடங்கள் இரண்டும் அவர்களுக்குப் போயின. என் பழைய பிள்ளை வாங்கிலே அமர்ந்தாள். முதல் ஆட்டம் முழுவதும் துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கைதட்டினாள். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே. ஆட்டம் முடிந்து எல்லோரும் மினிபஸ்ஸில் ஏறிய பின் என் அருகில் வந்து கேட்டாள்:

"ரீச்சர், நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. உன்ரை முறையும் வரும்," என்றேன்.

அந்த முறை வரவில்லை. வராதென்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டத்துக்கு அவள் வரவில்லை. பயிற்சிக்கும் வரவில்லை. ஆண்டிறுதியில் படிப்பையும் நிறுத்திக்கொண்டாள். விளையாட்டை விட்டதனாலேயே படிப்பை விட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமையும் இருந்தது. ஆனால் அவளைக் காலையிற் பாடசாலைக்கு இழுத்து வந்த கயிறுகளில் ஒன்றை அறுத்தவள் நான் என்பதை மறைக்கவும் மாட்டேன்.

வலய மட்டத்திற் கோப்பை வென்றோம். மாகாணத்தில் இரண்டாமிடம். மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், பத்திரிகையிற் படம் வந்தது. 2015இல் அந்த இருவரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டனர். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக என் நேரம், பந்து, மைதானம், பணம் யாவும் கோப்பை வெல்லும் எழுவருக்கே போயிருந்தன. மாலையில் அவளைப் பார்த்து எறியப் பழகிய சிறு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். "பழகி என்ன, பிறகு வெளியிலயிருந்துதானே ஆக்களைக் கொண்டுவருவியள்?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. 2016இல் நாங்கள் அணியே இறக்கவில்லை. கோப்பை கண்ணாடி அலுமாரியில் இருந்தது. மைதானத்தில் ஆள் இல்லை.

கதை அவ்வளவில் முடியவில்லை. ஒரு கருத்தரங்கிலே அந்த வன்னிப் பாடசாலையின் ஆசிரியையைச் சந்தித்தேன். கோபமாகப் பேசுவார் என எதிர்பார்த்தேன். அவர் அமைதியாகவே சொன்னார்: "உங்கட கோப்பையை நானும் பேப்பரில பார்த்தனான். அந்த ரெண்டு பிள்ளையளையும் ஆறாம் வகுப்பில இருந்து நான்தான் பழக்கினனான். அதுகள் போனபிறகு மிச்சம் ஐஞ்சு பேர். என்ன செய்யிறது?" ஐவரோடும் களம் இறங்கலாம் என்பது வலைப்பந்தாட்டச் சட்டம். அதைச் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை.

கொண்டுவரப்பட்ட அந்த இருவரின் நிலையும் மகிழ்ச்சியானதாக இருக்கவில்லை. இரவில் விடுதியில் ஒருத்தி அழுதுகொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை அவளுக்கு முழங்காலிற் பலத்த நோ ஏற்பட்டது. செய்தி கேட்டு வந்த கனவான்கள் கேட்ட முதற் கேள்வி, "எப்ப ஆடுவா?" என்பதே. 'நோகுதோ பிள்ளை?' என்று கேட்டவர் சமையற்கார அம்மா ஒருவர்தான். விலை கொடுத்து வாங்கிய மாட்டிடம் உழவை எதிர்பார்ப்பவன் கேட்கும் கேள்விதானே அது! ஒரே முடிவினால் எங்கள் பிள்ளை வாங்கிலிருந்து வெளியேறினாள். வன்னிப் பாடசாலை அணியை இழந்தது. வந்த இருவரும் பிள்ளைகள் என்ற நிலையிலிருந்து பண்டங்கள் என்ற நிலைக்கு இறக்கப்பட்டனர். இலாபம் அடைந்தது கண்ணாடி அலுமாரி ஒன்றே.

இவ்வழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. கூடைப்பந்தாட்டம் பிறந்த அதே மசாசூசெற்ஸ் மாநிலத்திலே பொஸ்ரன் நகரத்து அணி ஒன்று உண்டு. 2007இல் அந்த அணி, கெவின் கார்னெற் என்ற ஒரு பெருவீரரைப் பெறுவதற்காக ஐந்து வீரர்களையும், இனிமேற் தெரிவு செய்யப்படவிருந்த இரு இளைஞருக்கான உரிமைகளையும் கொடுத்தது. ஒருவருக்கு எழுவர்! மறு ஆண்டு 2008இல் வெற்றிக் கிண்ணம் கிடைத்தது. ஆகவே நட்சத்திரங்களை வாங்குவோர் வெல்வதே இல்லை என்று நான் வாதாட முடியாது, வெல்கிறார்கள். நாங்களும் வென்றோமல்லவா?

ஆனால் கதையின் மறுபாதியையும் பாருங்கள். 2013இல், நான் கையெழுத்திட்ட அதே ஆண்டில், நியூயோர்க்கின் புறூக்ளின் அணி அதே கார்னெற்றையும் போல் பியேர்சையும் பொஸ்ரனிடமிருந்து வாங்கியது. ஒருவருக்கு வயது 37; மற்றவருக்கு 35. அவர்களுக்காக 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் தனக்கு வரவேண்டிய முதற்சுற்று இளம் வீரர்களின் உரிமையைக் கொடுத்து, 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எழுதிக் கொடுத்தது. அந்த இளைஞர் யாரென அன்று எவருக்கும் தெரியாது. பலர் பள்ளிப் பிள்ளைகள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருவீரர் இருவரும் போய்விட்டனர். 2016-17 பருவத்தில் புறூக்ளின் 82 ஆட்டங்களில் 20இல் மட்டுமே வென்று கடைசியில் நின்றது. அவ்வுரிமைகளின் வழியாகப் பொஸ்ரன் பெற்றுக்கொண்ட ஜெய்லன் பிறவுண், ஜேசன் ரேற்றம் என்ற இளைஞர்கள் வளர்ந்து, 2024இல் பொஸ்ரனுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தனர். விளையும் முன்னரே பயிரை ஈடு வைத்தவனின் கதை எங்கள் தோட்டக்காரருக்குப் புதிதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிள்ளை தன் ஊரிலேயே கட்டிக்கிடக்க வேண்டுமா? நல்ல பாடசாலைக்குப் போக அவளுக்கு உரிமை இல்லையா? உண்டு. அந்த உரிமை போராடிப் பெறப்பட்ட உரிமை. அமெரிக்காவில் வீரர்கள் தம் விருப்பப்படி அணி மாற முடியாதிருந்த காலத்தில், வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஒஸ்கார் றொபேட்சன் 1970இல் வழக்குத் தொடுத்தார். 1976இல் ஏற்பட்ட இணக்கமே வீரருக்கு வழி திறந்தது. தன் கால் நடக்க விரும்பும் இடத்துக்குத் தான் போவது விடுதலை. தன்னைக் கேளாமல், தான் இல்லாத கூட்டத்திலே, தன் உயரத்தை அளந்து பார்த்து மற்றவர் தன்னை நகர்த்துவது வாணிபம். எங்கள் கூட்டத்தில் அந்த இரு பிள்ளைகளின் உயரத்தைப் பற்றிப் பேசினோம். அவர்கள் என்ன படிக்க விரும்புகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

சரி, நட்சத்திரமே வேண்டாமா? அப்படியும் நான் சொல்லத் துணியேன். பண்டத்தரிப்பிலிருந்து கிழக்கே ஐந்தாறு கட்டை தூரத்திலுள்ள புன்னாலைக்கட்டுவனிற் பிறந்தவர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 6 அடி 10 அங்குலம். 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆசிய வலைப்பந்தாட்டச் சாம்பியன் பட்டத்தை இலங்கை வென்றபோது அவர் அணியில் நின்றார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளிலே, உலகத்து வீராங்கனைகள் அனைவரிலும் கூடுதலான கோல்களை எறிந்தவர் அவரே. அப்போது வயது 40. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தி கொழும்பிலும் கடல் கடந்தும் மதிக்கப்படுவதைக் கண்ட எங்கள் பிள்ளைகள், தங்கள் உயரத்துக்காக நாணிக் கூனி நடப்பதை விட்டு நிமிர்ந்தார்கள். இதை நான் என் கண்ணாற் கண்டேன். ஒரு நட்சத்திரம் செய்யக்கூடிய நன்மை அது; எந்தக் கோப்பையிலும் பெரியது.

ஆனால் 2018இல் வென்றபோது அவருக்கு வயது 39. 2022இல் மீண்டும் வென்றபோது 43. இது அவருடைய உழைப்பின் பெருமை, அதில் ஐயமில்லை. அதே வேளையில் ஆட்டத்தை நிருவகிப்போரை நோக்கிய ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது. ஒரு நாடு தன் வெற்றிக்கு 43 வயதுத் தோள்களையே நாடி நிற்க நேர்ந்ததேன்? அந்தத் தோள்களின் நிழலிலே, புன்னாலைக்கட்டுவன்களிலும் வன்னிக் கிராமங்களிலும் எத்தனை வளையங்கள் நடப்பட்டன? பெருமரத்தின் நிழலில் நாற்றுமேடை போடுவதும் உண்டு; எதையுமே முளைக்க விடாது விடுவதும் உண்டு. எது நடக்கும் என்பது மரத்தின் கையில் இல்லை. தோட்டக்காரனின் கையிலேயே இருக்கிறது.

பண்டத்தரிப்பு மக்களுக்கு இப்பாடத்தைக் கற்க நியூயோர்க்குக்குப் போக வேண்டியதில்லை. 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் எங்கள் ஊருக்கு வந்து மருத்துவப் பணி தொடங்கினார். அமெரிக்க மிஷன் அனுப்பிய முதல் வைத்தியர் அவர். அக்காலத்தின் பெருநட்சத்திரம் எனலாம். 1836இல் அவர் சென்னைக்குப் போனார். அந்தக் கைகளும் அவரோடு போயின. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து வேறொன்றும் செய்தார். இந்நாட்டு இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்கென 'இரணவைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்றிருந்தனர். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான், அவரும் திறமைசாலிதான். போகும்போது தம் கையை இங்கே விட்டுவிட்டுப் போனார் என்பதே அவரிடம் நாம் கற்க வேண்டியது.

ஆகவே சங்கத்தாருக்கு என் பதில் இதுதான். பணத்தை மறுக்காதீர்கள், அனுப்பியவர்கள் பாசத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். நால்வரை வாங்குவதற்குரிய பணத்தில், சுற்றியுள்ள ஆரம்பப் பாடசாலைகளிலே வளையக் கம்பங்களை நடுங்கள். மாலைப் பயிற்சி முடிந்து பசியோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு கோப்பை பாலும் கடலையும் கொடுங்கள். கடைசி பஸ் போய்விட்டதே என்று தாய்மார் அஞ்சாதிருக்க, திரும்பிப் போக வாகனம் ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை கட்டுங்கள். பெருவீராங்கனை ஒருவரை அழைக்க விரும்பினால் நிச்சயம் அழையுங்கள். கோப்பைக்காக ஆடுவதற்காக அன்று, ஒரு மாதம் தங்கி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்து எறியப் பழக்குவதற்காக. வெளியூர்ப் பிள்ளை ஒருத்தி தானாகவே படிக்க வந்தால், வாருங்கள் என வரவேற்று, எங்கள் பிள்ளைகளோடு சமமாகப் போட்டியிட்டு இடம் பெறச் செய்யுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் கோப்பை வராதிருக்கலாம். ஆறாவது ஆண்டும் வராதிருக்கலாம். ஆனால் மாலையில் மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள். அதை எந்த அணியும் விலை பேசி வாங்கிக்கொண்டு போக முடியாது.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில் ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் சங்கானைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, "ரீச்சர்!" என்ற குரல் கேட்டது. அவள்தான். இடுப்பிலே ஒரு குழந்தை. கையிலே வெண்டிக்காய்க் கடகம். தோட்டத்து மரக்கறியைக் கொண்டுவந்து விற்கிறாள். என்னை அவள் குறை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நலம் விசாரித்தாள். பின்பு சற்றுத் தயங்கிக் கேட்டாள்:

"பள்ளிக்கூடத்து வளையம் இன்னும் நிக்குதோ, ரீச்சர்?"

"நிக்குது பிள்ளை. வலைதான் இல்லை," என்றேன்.

"வலை என்னத்துக்கு ரீச்சர்? வளையம் நிண்டாக் காணும். எங்கட பூவரசில நான் அடிச்ச வளையத்துக்கு வலை இருந்ததோ?"

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கு அன்று நான் பொய் சொன்னேன். அவள் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டவள் நான் என்பதே உண்மையான விடை. அதைச் சந்தையில் நின்று அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கே எழுதுகிறேன். சங்கத்தாரின் கடிதத்துக்கு, 'சம்மதமில்லை' என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் எழுதிவிட்டேன். அத்துடன், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எறியப் பழக்கத் தெரிந்த ஒருத்தி சங்கானைச் சந்தையில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு சிறு வேதனமாவது கொடுத்து அழையுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அவர்கள் அழைப்பார்களோ, அழைத்தால் அவள் வருவாளோ, நான் அறியேன். ஆனால் வாங்கிலிருந்து எழுந்து போன ஒரு பிள்ளையை நோக்கி, இத்தனை ஆண்டுகள் கழிந்தாவது, நாம் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாமா?